அம்மா எழுதாமல் விட்ட தாளம்

எட்டு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. சாந்தோமில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தூது போகிற வேலை. தம்பியின் ஞானஸ்நான விருந்தில், பிரியாணியில் உப்பே இல்லை என்று மாமா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. ஆனாலும் மாமா தினமும் மாலையில் வருவார். அப்பாவும் நாற்காலியை நகர்த்திப் போடுவார்.

"உங்க மாமாவுக்குக் காபி வேணுமான்னு கேளு."

"சர்க்கரை தூக்கலா இருக்கட்டும்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. சேதிக்கு ஒரு பெப்பர்மிண்ட் மாமா தருவார். எனக்கு நல்ல வரும்படி. அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் அம்மாதான் வாடிப்போனாள்.

அந்த வருஷம் திருநாள் நெருங்கும்போது கோயிலில் பாடுகிற பையன்களுக்கெல்லாம் பொன்னுக்கு வீங்கி. பாட இருந்ததோ, பல நூறு வருஷங்களுக்கு முன் நான்கு குரலுக்காக எழுதிய லத்தீன் பாட்டு. ஒரு குரல் தொடங்கிய அடியை அடுத்தது பின்னாலேயே வந்து பிடித்துக்கொள்ளும். பாட ஆளில்லை என்றதும், "நாங்க வாசிக்கிறோம், சாமி" என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தாள் அம்மா. மேல் குரல் மாமாவின் வயலினுக்கு, அடுத்தது அப்பாவின் கிளாரினெட்டுக்கு, கீழே இரண்டும் தன் ஆர்மோனியத்துக்கு என்று பிரித்து எழுதினாள்.

பாடுகிறவர்கள் அடுத்தவரின் வார்த்தையைக் கேட்டு நுழைந்துவிடலாம். வாத்தியத்துக்கு வார்த்தை ஏது? எத்தனை தாளம் சும்மா இருப்பது என்று எழுதித் தரவேண்டும். அம்மா அதை எழுதவே இல்லை. அப்பாவின் தாளில் "மச்சான் முடித்ததும்", மாமாவின் தாளில் "மாப்பிள்ளை முடித்ததும்" என்று மட்டும் இருந்தது. பாவம், அம்மாவுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகையில் அப்பா பாதியில் நிறுத்தினார். "முடிக்கும்போது உங்க மாமாவைத் தலையை ஆட்டச் சொல்லு." சொன்னேன். பெப்பர்மிண்ட் கிடைத்தது.

திருநாளன்று அவர்கள் மேலே பாடகர் மாடத்தில். நான் கீழே, மற்றப் பிள்ளைகளோடு. சேதி சொல்ல ஆளில்லையே என்று எனக்குப் பகீரென்றது. திரும்பிப் பார்த்தேன். இருவரும் கண் கொட்டாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். மாமா தலையை ஆட்ட, அப்பா நுழைந்தார். அப்பா புருவத்தைத் தூக்க, மாமா பிடித்துக்கொண்டார். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

படியிறங்கும்போதே அப்பா ஆரம்பித்தார். "மச்சான், கடைசியில இன்னா அவ்ளோ அவசரம்?"

"நீங்க மூச்சு வாங்கிக்கினு நின்னா நான் இன்னா பண்றது, மாப்பிள்ளை?"

வீடு வரைக்கும் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். நான் நடுவில் புகுந்து, "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா, சண்டை போடறாங்க!"

"போடட்டும்டி" என்றாள் அம்மா. அத்தனை மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சண்டை பெரிதாகிவிட்டதே, இவளுக்கு இதில் என்ன சந்தோஷம் என்று அவள்மேல் எனக்குக் கோபமாக வந்தது.