ஒரே மாதிரி மூன்று டப்பா

எனக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. நின்றுகொண்டே சாப்பிடுவேன், நடந்துகொண்டே தலை வாருவேன். ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிற வேலை கிடைத்தபோது, உட்காரச் சொல்ல மாட்டார்களே என்று சந்தோஷப்பட்டவள் நான். அப்படிப்பட்டவள் சாப்பாட்டு டப்பா வாங்குவதற்காக இரண்டு மாதம் பொறுமையாகத் தேடினேன் என்றால் என் வீட்டுக்காரரே நம்ப மாட்டார். கூட இருந்து பார்த்ததால் நம்பினார்.

எங்களுக்கு வேண்டியிருந்தது மூன்று டப்பா. எனக்கு ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்குப் போகும் அவருக்கு ஒன்று, நாலாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒன்று. எங்கள் கம்பெனியில் கேன்டீன் உண்டு, ஆனால் அந்த எண்ணெய்க்கும் என் வயிற்றுக்கும் ஆகாது. எவர்சில்வர் டப்பாவை வாசலில் விடமாட்டார்கள். உலோகம் எதைக் கண்டாலும் மெஷின் கத்தும், செக்யூரிட்டி அக்கா என்னைத் திருடியைப் போலப் பார்ப்பார். மகளோ போனில் எதையோ பார்த்துவிட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்த பென்டோ டப்பாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

முதலில் வாங்கியதில் சாம்பார் தடுப்பைத் தாண்டித் தயிர்சாதத்துக்குள் குடிபோனது. இரண்டாவதில் கிளிப் அவ்வளவு இறுக்கம். மகள் நகத்தை ஒடித்துக்கொண்டு டீச்சரிடம் திறக்கச் சொல்லியிருக்கிறாள், டீச்சரும் திணறினாராம். மூன்றாவது டப்பாவை வந்த அன்றே தண்ணீர் ஊற்றி, தொட்டிமேல் தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன். அவர் போனில் ஐந்து நிமிடம் டைமர் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு விழவில்லை.

தனித்தனியாக வாங்கினால் நிறம் நிறமாகக் கிடைக்கும். செட்டாக வாங்கினால் மூன்றும் இளம்பச்சைதான். அவர் அப்போதே சொன்னார்.

"மூணும் ஒண்ணு போல இருந்தா கொழப்பம் வராதா? வேற வேற கலர்ல எடு."

"வரிசையா வெச்சா பாக்கறதுக்கு எவ்ளோ அழகா கீது, வுடுங்க" என்றேன்.

மூடிமேல் பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார். புது டப்பாமேல் ஸ்டிக்கர் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. என் வீட்டில் ஒரே மாதிரி இருந்த முதல் பொருட்கள் அவை. தட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கல்யாணத்தில் வந்தவை, டம்ளர்கள் அதைவிட மோசம். அந்த மூன்று பச்சை டப்பாக்களைப் பார்த்தால் எனக்குள் ஏதோ அடங்கும். இதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஸ்டிக்கருக்குப் பதிலாக அவர் அலமாரித் தட்டில் வேலையைக் காட்டினார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து பத்து வருடமாகக் கம்பெனியில் இருக்கிற மனிதர், வீட்டையும் கம்பெனியாக்காமல் விடுவாரா? மஞ்சள் டேப்பால் மூன்று சதுரம் போட்டு, இடது ஓரத்தில் 'பாப்பா', நடுவில் 'அப்பா', வலது ஓரத்தில் 'அம்மா' என்று எழுதி ஒட்டினார்.

"எது எங்க இருக்கணுமோ அங்க இருந்தாப் போதும். கண்ணு தேடக் கூடாது, கை தானாப் போவணும்" என்றார்.

கேலி செய்தேன். ஆனால் ஒரு வாரத்தில் என் கையும் தானாகத்தான் போனது. லைனில் நாங்கள் பாகத்தைப் பார்த்து எடுப்பதில்லை, இருக்கும் இடத்தைப் பார்த்து எடுப்போம். கொஞ்ச நாளில் இடத்தையும் பார்ப்பதில்லை.

இதில் குழம்பினால் என்ன ஆகிவிடும் என்று யாரும் கேட்கலாம். என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஐந்து வயதில் ஒரு கடலை உருண்டையில் பாதி தின்றாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், "அடுத்த தடவை இவ்வளவு நேரம் கிடைக்கும்னு நினைக்காதீங்க" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

அப்படியானால் வீட்டில் கடலையே இல்லாமல் செய்திருக்க வேண்டாமா? வேண்டும். செய்யவில்லை. அவருக்குக் கடலை இல்லாமல் சோறு இறங்காது. எனக்கும், உண்மையைச் சொன்னால், கத்தரிக்காய் வதக்கலில் வறுத்த கடலைப்பொடி தூவாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அதனால் மகளுக்கு முதலில் தனிக் கரண்டியில் எடுத்து டப்பாவில் வைத்து மூடிவிட்டு, பிறகுதான் பொடி டின்னைத் திறப்பேன். நான்கு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அலமாரியில் இடம் மாற்றினார். அந்த வாரம் அவருக்கு சி ஷிப்ட், ராத்திரி முழுக்க வேலை. எனக்கு ஏ ஷிப்ட், காலை ஐந்தேகாலுக்கே பஸ். அவர் ஏழு மணிக்கு வந்து மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தூங்குவார், எழுந்ததும் தன் டப்பாவைச் சாப்பிடுவார். வலது ஓரம் வாசலுக்குப் பக்கம் என்பதால், மகளே எட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று 'பாப்பா'வை வலது பக்கம் ஒட்டி, 'அம்மா'வை இடது பக்கம் கொண்டுபோனார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தேன், தலையை ஆட்டினேன்.

லைனில் ஒரே ஒரு ட்ரேயை இடம் மாற்றினாலும் மூன்று நாளைக்கு ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். கை பழைய இடத்துக்குப் போகிறதா என்று கவனிப்பதுதான் அந்த ஆளுக்கு வேலை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வீட்டில் யார் நிற்பது?

திங்களும் செவ்வாயும் பார்த்து எடுத்தேன். புதன்கிழமை கடலை போடாத புளிசாதமும் கத்தரிக்காய் வதக்கலும். மூன்று டப்பாவையும் மூடி அதனதன் சதுரத்தில் சரியாகத்தான் வைத்தேன். கொண்டை போடும்போது பஸ் டிரைவர் போன் செய்துவிட்டார். பஸ்ஸை விட்டால் அன்றைக்கு லீவுதான். செருப்பை மாட்டிக்கொண்டே கையை நீட்டி, வலது ஓரத்து டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் பத்தரை மணிக்கு. கேன்டீனில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். ஓரத்து அறையில் பூப்போல வெட்டிய வெள்ளரிக்காய், பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் ஸ்பூன். கத்தரிக்காய் மேல் பொடி இல்லை.

ஒரு நொடி, ஸ்பூன் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம்தான் புரிந்தது. அலமாரியில் மீதி இருந்தவை என்னுடையதும் அவருடையதும். இரண்டிலும் கடலைப்பொடி. அதில் ஒன்று இப்போது என் மகளின் பையில் இருக்கிறது, பன்னிரண்டேகாலுக்குப் பள்ளியில் சாப்பாட்டு மணி.

டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் போன்களை வெளியே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சாவி மூன்றாவது தடவைதான் நுழைந்தது. அவருக்கு அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தால் போனைச் சைலன்ட்டில் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்குகிறவர். பக்கத்துப் போர்ஷன்காரர்களும் வேலைக்குப் போகிறவர்கள், கதவைத் தட்டச் சொல்ல ஆளில்லை. கிளாஸ் டீச்சர் போன் ஆஃப். பள்ளி ஆபீஸில் ஐந்தாவது முறை எடுத்தார்கள்.

"நாலாங்கிளாஸா, எந்த செக்‌ஷன்? சரி மேடம், சொல்லிடறோம்."

"சொல்லிடறோம் இல்லீங்க, இப்பவே போயி அந்த டப்பாவ வாங்கி வெச்சிருங்க. அவ சாப்புடக் கூடாது."

"சரி சரி, சொல்லிடறோம்."

அந்தக் குரலை நான் நம்பவில்லை. ஒரு கையில் பேனாவும் மறு கையில் டீயும் வைத்திருக்கிற குரல் அது. சூப்பர்வைசரிடம் போனேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், லைன் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர்.

"அக்கா, ரிலீவர் இல்லக்கா. ஒரு ஒன் அவர் மேனேஜ் பண்ணுங்க, ஆள் அனுப்புறேன்."

"ஒரு மணி நேரத்துல எம்பொண்ணு இருக்காளோ இல்லியோ. கேட் பாஸ்ல கையெழுத்துப் போடு, இல்லைன்னா பாஸ் இல்லாமயே போறேன், இன்னா பண்ணுவ?"

அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது. என் கோபம் அவர்மேல் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார். நான் நின்ற இடத்தில் அவரே போய் நின்றார் என்று அப்புறம் கேள்விப்பட்டேன்.

வெளியே வந்தபோது பதினொன்றேகால் தாண்டிவிட்டது. ஷிப்ட் நேரத்தில் பஸ்ஸும் ஆட்டோவும் முட்டி மோதுகிற ரோட்டில் அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிதான் ஓடும். நிற்க முடியாமல், மகளின் பள்ளி இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும் நடந்தேன். ஏறக்குறைய அரை மணி கழித்துத்தான் ஓர் ஆட்டோ நின்றது. பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் ஒரு டிரெய்லர் திரும்ப முடியாமல் ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. நான் ஆட்டோவுக்குள் எழுந்து நின்றேன், தலை கூரையில் இடித்தது.

"அக்கா, நீ நின்னா வண்டி போயிருமா? குந்துக்கா" என்றார் டிரைவர்.

போன் அடித்தது, அவர்தான். தூக்கக் குரலில், "என்ன, இத்தனை மிஸ்டு கால்?" என்றார்.

"பாப்பாவுக்கு எந்த டப்பாவக் குடுத்தீங்க?"

"லெஃப்ட்ல இருந்தத. வலது பக்கம் காலியா இருந்துச்சு. சரி, நீ பழைய எடத்துலயே வச்சிட்ட போலன்னு..."

மறுமுனையில் சட்டையைத் தேடுகிற சத்தமும் ஏதோ கீழே விழுகிற சத்தமும் கேட்டன. "நான் போறேன், இந்தா போறேன்" என்று வைத்துவிட்டார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் அழகு பார்த்து வாங்கிய டப்பாவை மடியில் வைத்து, விரல் வலிக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தேன்.

பள்ளி வாசலில் இறங்கும்போது பன்னிரண்டரை. அவர் இன்னும் வந்து சேரவில்லை. ஆபீஸில் யாரையும் கேட்கவில்லை, நேராக வராந்தாவுக்கு ஓடினேன். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையும் வாயும் ஓடிக்கொண்டிருந்தன. தூண் ஓரமாக என் மகள் மட்டும் பச்சை டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். உதட்டைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், நெஞ்சில் காதை வைத்தேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னாம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"சாப்ட்டியா? ஒரு வாயாவது வெச்சியா?"

"இல்லம்மா. தொறந்தேன், கடல வாசன அடிச்சிது. மூடிட்டேன்."

"ஆபீஸ்லேர்ந்து வந்து சொன்னாங்களா?"

"யாரும் வரல. நானே மோந்து பாத்தேன்."

உட்கார வராத எனக்கு அப்போது நிற்க வரவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கெட்டிக்காரி, இன்றைக்கு எப்படித் தோன்றியது உனக்கு என்று கேட்டேன்.

"இன்னிக்கி மட்டும் இல்ல. டெய்லி மோந்து பாத்துட்டுத்தான் சாப்புடுவேன்."

"டெய்லியா? எப்பலேர்ந்து?"

"ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து."

"ஏன்டி, அம்மா தனியா எடுத்து வெக்கிறேன் இல்ல?"

அவள் என்னைக் குறை சொல்கிற முகத்தோடு சொல்லவில்லை. வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோம் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"நீயும் அப்பாவும் தூங்கிக்கினேதான டப்பா கட்டுறீங்க."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் மடியிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு, ஒரகடத்திலிருந்து நான் தூக்கிவந்த டப்பாவை அவள் கையில் கொடுத்தேன். "இது உன்னோடது, பொடி போடல, சாப்புடு" என்றேன்.

அவள் மூடியைத் திறந்தாள். குனிந்து, மூக்கை உள்ளே விட்டு, ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்தாள். பிறகுதான் ஸ்பூனை எடுத்தாள்.