நிலாவும் முத்துவும் பூனை தேடிய கதை

முப்பத்துநான்கு வயதில் றாஹிலா சித்திரக்கதை கீறுகிறாள் என்று எங்கள் தெருவில் சிரிக்காத ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரி நானும் சிரித்தவள்தான். கல்முனையில் அவள் தையலுக்குப் பெயர் இருந்தது. பெருநாள் சட்டை பாதியில் கிடக்க, மெஷினுக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்துவைத்துக் கட்டம் கட்டமாகப் படம் கீறினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இந்த வயசில என்ன புள்ள பூனைக் கதை?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"வயசு வந்தாத்தானே ராத்தா இந்தக் கதை விளங்குது."

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு சிறுவர் சஞ்சிகையில் நிலா, முத்து என்று இரண்டு துப்பறியும் சிறுமிகள் வந்தார்கள். இரட்டைப் பின்னல், கவுன், கையில் பூதக்கண்ணாடி. காணாமற்போன பூனையை எட்டே பக்கத்தில் பிடித்துவிடுவார்கள். றாஹிலாவும் காரைதீவுப் பூமணியும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அதை வாசித்தவர்கள். இவள் நிலா, அவள் முத்து. அந்தப் பெயர்களை வைத்து யார் எந்தச் சனம் என்று சொல்ல முடியாது. அதுதான் அந்தக் கதையின் வசதி.

எண்பத்தெட்டில் பூமணியின் கல்யாணத்துக்குப் போய் றாஹிலா வயிறாரச் சாப்பிட்டு வந்தாள். தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் பிரச்சினை வந்தது. சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு, சைக்கிளில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தை அவளால் போக முடியவில்லை. பிறகு பஸ் ஓடத் தொடங்கியும் போகவில்லை. போய் நின்றால் பூமணி எந்த முகத்தோடு பார்ப்பாளோ என்ற பயம். போகாமலும் இருக்க முடியாமல்தான் கீறினாள்.

அவளுடைய கதையில் நிலாவுக்கும் முத்துவுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதே பூனையை மறுபடியும் தேடுகிறார்கள். பூனை செத்து இருபது வருடம் என்று இருவருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள். சொல்லிவிட்டால் சேர்ந்து நடக்க வேறு சாட்டு இல்லையே. நாற்பது பக்கமும் நடக்கிறார்கள். வாசித்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வளர்ந்த பெண்களுக்குக் கவுன் போட முடியாது. நிலாவுக்கு முக்காடு போட்டாள். முத்துவுக்குச் சேலை உடுத்தி, சிவப்புப் பேனையால் ஒவ்வொரு கட்டத்திலும் பொட்டு வைத்தாள்.

தொண்ணூற்றாறில் கனகரெத்தினம் சேர் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தார். பூமணியின் தெருக்காரர். மகளின் சட்டைத் துணியோடு வந்தவரிடம் றாஹிலா கொப்பியை நீட்டினாள். நாலு பக்கம் புரட்டிச் சிரித்தவர் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இது பூமணிக்குக் குடுக்கவா?"

"ஓம் சேர்."

"தங்கச்சி, அவட புருஷன் தொண்ணூறுல கடைக்கெண்டு போனவர், மறுகா வரல்ல. இவ்வளவு நாளும் பொட்டோடதான் இருந்தவ. போன வருசம் சொந்தக்காரர் சேர்ந்து அழிக்க வெச்சிட்டாங்க."

றாஹிலா கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கூட்டாளியின் கதையை இவ்வளவு கிட்ட இருந்தும் அறியாத துப்பறிவாளி! அன்று பின்னேரம் சவர பிளேட்டை எடுத்துப் பொட்டுகளைச் சுரண்டத் தொடங்கினாள். முதல் பக்கத்திலேயே தாள் கிழிந்து முத்துவின் நெற்றியில் ஓட்டை விழுந்தது. பிளேட்டை வீசிவிட்டு அழுதாள்.

"நானும் அவங்களோட சேர்ந்தெல்லா ராத்தா அழிக்கிறன்."

அடுத்த நாள் கொப்பியை ஓட்டையோடு அப்படியே சேரிடம் கொடுத்துவிட்டாள். பத்து நாள் பதில் இல்லை. சைக்கிள் மணி கேட்ட போதெல்லாம் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப்பார்த்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பதினோராம் நாள் சேர் வந்தார். கையில் ஒற்றைத் தாள். அந்த முதல் பக்கம்தான். ஓட்டைக்குப் பின்னால் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, அதன்மேல் குங்குமத்தால் பொட்டு வைத்திருந்தது.

"கொப்பிய ஆருக்கும் தரமாட்டாவாம். இதை மட்டும் உங்கள வெச்சிருக்கட்டாம்."

"என்னை வரச் சொன்னாளா சேர்?"

"கேட்டன். 'இந்த வெறும் நெத்தியோட அவள் என்னைப் பாக்க வேணாம்' எண்டு பூமணி சொன்னா."

றாஹிலா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி மெஷினை மூடினாள். முக்காட்டை இழுத்துப் போட்டாள்.

"ராத்தா, அக்கரைப்பத்து பஸ் காரைதீவில நிக்குமா?"

அந்த பஸ் அங்கே நிற்கும் என்பது கல்முனையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். "நிக்கும்" என்றேன். கூடவே போய் அவளை ஏற்றிவிட்டு வந்தேன்.