ஒன்பது வாரக் கட்டு

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பதினான்கு வருட வேலை. கை பஞ்சு மாதிரி, வாய் மட்டும் காரம். நர்ஸுகள் தங்களுக்குள் அவரை மிளகாய் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும், கண்டுகொள்ள மாட்டார். புண்ணோடு ஒட்டிப்போன பழைய கட்டை நனைத்து நனைத்து, பேச்சுக் கொடுத்தபடியே எடுத்துவிடுவார். எடுத்தது தெரியாமல் "எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு.

ஒரே ஒரு காயத்தைக் கண்டால் அவருக்குத் தலைக்கு மேல் கோபம் வரும். சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து, சக்கரத்துக்குள் கால் போன குழந்தைகளின் குதிகால். மாதம் நாலைந்து வரும். ஓட்டுகிறவருக்குப் பெடல் இறுகுவது மட்டும்தான் தெரியும். செயின் சிக்கிவிட்டது என்று நினைத்து இன்னொரு மிதி மிதிப்பார். அந்த இரண்டாவது மிதிதான் சதையைக் கிழிக்கும்.

"புள்ளைய ஏத்துனீங்களா, மூட்டைய ஏத்துனீங்களா?" என்பார். ஒருநாள் துணி தேய்க்கும் ஒரு பெண் தன் மகனைத் தூக்கிவந்தபோது, "பெத்தா போதுமா? கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பையனின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அவர் சொல்வதற்கும் நியாயம் இருந்தது. அவருடைய சைக்கிளில் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி வலை. கேரியரில் மெத்தை, கால் வைக்கக் கட்டை. முன்னால் பாரில் சின்ன சீட்டு. மனைவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. ஆகவே மூன்று வயது மகனைக் காப்பகத்திலும், ஆறு வயது மகளைப் பள்ளியிலும் விடுவது அவர் பாடு. ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்க்காமல் கேட்பார்: "பாப்பா, இருக்கியா?"

"இருக்கேன்பா."

அன்று காலை பின்டயர் வெடித்துக் கிடந்தது. கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் தன் சைக்கிளைக் கொடுத்தார். அதில் வலை இல்லை. அவர் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மணி எட்டேகால். பாரில் துண்டை மடித்துப் போட்டு மகனை உட்கார வைத்தார். மகளிடம், "கால அகட்டி வச்சுக்கணும், என்ன?" என்றார். முந்தைய நாள் ராத்திரி தம்பிக்குக் காய்ச்சல். அவன் அழுத அழுகையில் அவள் சரியாகத் தூங்கியிருக்கவில்லை.

பாலத்து மேட்டுக்குத் திரும்பும்போது வழக்கம்போல "இருக்கியா?" என்று கேட்டார். "ம்" என்று மட்டும் வந்தது. பாதி மேட்டில் பெடல் இறுகியது. செயின் என்று நினைத்தார். இன்னொரு மிதி மிதித்தார்.

அவள் கத்தவில்லை. "அப்பா" என்றாள், ஏதோ கேட்க வருகிறவள் போல.

காலை இழுத்து எடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எதிரில் பூட்டு சாவிக் கடை வைத்திருந்தவர் கட்டரோடு ஓடிவந்து நான்கு கம்பிகளை வெட்டினார். வழியில் வந்த ஒரு வண்டியை நிறுத்தி, மகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.

அது அவருடைய அறை, அவருடைய மேஜை. கட்டுப் போடும் காஸ் துணிப் பாக்கெட்டை எடுத்தார். பிரிக்க விரல் வரவில்லை. மூத்த நர்ஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வெளிய உக்காருங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. புதிதாக வந்திருந்த டாக்டருக்கு அவரைத் தெரியாது. "யார் ஓட்டினது? வலை இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல."

"ஏன்?"

"அவசரம்" என்றார். எத்தனையோ பேர் அவரிடம் சொன்ன பதில்தான்.

முழங்கை வரை மாவோடு மனைவி வந்தாள். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள், சுற்றுமுற்றும் தேடினாள். "தம்பி எங்க?"

 மகனை அவர் பாலத்து மேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஓடினார். பூட்டுக் கடை ஸ்டூலில் மடியில் ஒரு கொத்துச் சாவியோடு பையன் உட்கார்ந்திருந்தான். "அக்கா கால் வெளிய வந்துடுச்சா?" என்று கேட்டான்.

"பதட்டத்துல நீங்க கவனிக்கல" என்றார் கடைக்காரர். "பரவால்ல. அழவே இல்ல, சாவிய எண்ணிக்கிட்டு இருந்தான்."

மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிகாலில் வைத்தார்கள். ஒன்பது வாரம் கட்டு. மற்றவர்களுக்கெல்லாம் அவர் கட்டினார், மகளுக்கு மட்டும் நர்ஸ். அவள் முறை வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் அதே பெஞ்சில் அந்தத் துணி தேய்க்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். பையனின் புண் ஆறி, கடைசிக் கட்டுக்கு வந்திருந்தாள். உள்ளே போன அவர் மகளின் காலையும் பார்த்திருந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"பேசினது பேசினதுதான்ணே" என்றாள் அவள். "ராத்திரி ரெண்டு நாள் தூங்கல." பிறகு, "கெண்டக்காலுக்கு அடியில துணிய மடிச்சு வச்சுப் படுக்க வைங்க. குதிகால் பாய்ல படாது. என் புள்ளைக்கு அப்படித்தான் செஞ்சேன்" என்றாள். அன்றிலிருந்து அப்படித்தான் படுக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகும் சக்கரத்தில் கால் விட்ட குழந்தைகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர் திட்டுவதை விட்டுவிட்டார். காயத்தைத் தொடுவதற்கு முன்பு தகப்பனையோ தாயையோ நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்பார்: "சைக்கிள்ல இன்னொரு புள்ள இருந்துச்சா? அது இப்ப யார்கிட்ட இருக்கு?" இரண்டு தடவை, கேட்ட மாத்திரத்தில் ஆள் எழுந்து ஓடியிருக்கிறார்.

கட்டு அவிழ்த்த பிறகும் மகள் சைக்கிளில் ஏறவில்லை. தம்பியை உட்கார வைத்து அவர் உருட்டிக்கொண்டு போக, அவள் விந்தி விந்திப் பக்கத்தில் நடப்பாள். காப்பகத்துக்கும் பள்ளிக்கும் அரை மணி நேரம் முன்பாகவே கிளம்பினார்கள். நான்கு மாதம் அப்படி. ஒருநாள் பாலத்துக்கு முன்னால் நின்று, "ஏறிக்கவா?" என்றாள். அவர் தூக்கிவிடவில்லை. இரண்டு கையாலும் சைக்கிளை ஆடாமல் பிடித்துக்கொண்டார். அவளே கட்டையில் கால் வைத்து ஏறினாள். அன்று அவர் சீட்டில் உட்காரவில்லை. மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் போனார்.

மனைவி இரண்டு வருடம் கழித்துத்தான் வாய் திறந்தாள். சாப்பிட்ட தட்டுகளை அவர் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "அன்னைக்கு நானா இருந்தாலும் அந்த சைக்கிளத்தான் எடுத்திருப்பேன்."

அவர் கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவினார். அவள் அதைக் கையிலிருந்து வாங்கித் துடைத்து அடுக்கினாள்.