மனை என்று சொன்னவர்

எங்கள் தெருவில் எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு 'மனை சார்' என்று பெயர். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். ஐந்து முறை ஜெயித்த மனிதரை இப்படியா கிண்டல் செய்வது என்று கூட வரும் கட்சிக்காரர்கள் முறைப்பார்கள். அவர் சிரித்தபடி கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்தப் பெயர் அவருக்கு வந்ததற்கு நான்தான் காரணம். இருபது வருஷம் இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லாதே என்றார் என்றெல்லாம் கதை விட எனக்கு இஷ்டமில்லை. எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்தோம். வந்த வருஷமே அப்பா இறந்துபோனார். அம்மா கார்மென்ட்ஸில் தைக்கப் போனாள். தெரு என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சர்க்கார் நிலத்தில் தகரமும் சிமென்ட் கல்லும் வைத்துக் கட்டிய அறுபது வீடுகள். யாருக்கும் சொந்தம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஜீப் சத்தம் கேட்டாலே இடிக்க வருகிறார்களா என்று எல்லாரும் வாசலுக்கு ஓடிவருவார்கள்.

எனக்குத் தமிழும் தெரியும், கன்னட டைப்பிங்கும் தெரியும். அதற்காகத்தான் சார் என்னை வேலைக்கு எடுத்தார். அவர் கன்னடக்காரர். தொகுதியில் பாதிப்பேர் நம்மவர்கள். கடிதங்களைக் கன்னடத்தில் அடிப்பது என் வேலை. மேடையில் அவர் பேச வேண்டிய தமிழைக் கன்னட எழுத்தில் எழுதித் தருவதும் என் வேலை. கன்னட எழுத்தில் 'ழ' கிடையாது. அதனால் அவர் 'வாள்க' என்றுதான் வாழ்த்துவார். கூட்டம் சிரிக்கும், ஆனால் கை தட்டும்.

அவரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கே அவர் வீட்டு முன்னறையில் ஆள் நிறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இடம், ஆஸ்பத்திரியில் படுக்கை, ரேஷன் கார்டில் தப்பாக விழுந்த வயசு, ஓடிப்போன மருமகன். எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம் வேண்டும். ஆஸ்டின் டவுன் பிரஸ்ஸில் லெட்டர்பேடு அடித்து மாளாது. மருமகனுக்கெல்லாம் எம்.எல்.ஏ. என்ன சார் செய்ய முடியும் என்று நான் எரிந்து விழுவேன். "கேக்க ஒரு ஆள் வேணும் இல்ல தாயி, கேளு, எழுது" என்பார். தாயி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது.

அது அவருடைய இரண்டாவது தேர்தலுக்கு முந்தைய மாதங்கள். எங்கள் தெரு ஜனங்களைக் காலிசெய்து, சந்தாபுரா பக்கம் கட்டும் அடுக்குமாடிக்கு அனுப்பிவிடலாம் என்று சர்க்காரில் ஒரு திட்டம். அங்கே போனால் அம்மா வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தெரு முழுக்கக் கொதித்துக் கிடந்தது. சார் வந்து பேசி ஜனங்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். "சந்தாபுராவில் உங்கள் எல்லாருக்கும் வீடு கொடுப்போம்" என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்திகையில் அவர் வாயில் 'வீடு' நிற்கவே இல்லை. குறுகிக் குறுகி 'விடு' ஆகிவிட்டது. "விடு குடுப்போம்" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

"ஜனங்களும் இப்பிடித்தான் சிரிப்பாங்க. நம்ம பாஷையில 'மனெ'ன்னா வீடு. உங்க பாஷையில அந்த வார்த்தை இல்லவா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் வாங்கியவளிடம் போய் இப்படிக் கேட்டால்? "இருக்கு சார். மனைன்னாலும் வீடுதான். மனைவின்னு சொல்றோமே, அது அந்த மனையில இருந்து வந்ததுதான்" என்று ஒரு பாடமே எடுத்தேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டு, வீட்டை அடித்துவிட்டு மனை என்று எழுதிக்கொண்டார். அன்று எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. புத்தகத்தில் மனை என்றால் வீடுதான். ஆனால் வாங்கி விற்கிற ஜனங்களின் வாயில் மனை என்றால் மண், வீடு கட்டுவதற்கான காலி இடம். எங்கள் தெருவில் யாரும் தமிழ்ப் பரீட்சை எழுதி வரவில்லை.

மேடையில் அவர் நன்றாகத்தான் ஆரம்பித்தார். "உங்க எல்லாருக்கும் மனை. உங்க பேருக்கே எழுதிக் குடுப்போம். இது என் வார்த்தை!" அதற்குப் பிறகு வந்த சந்தாபுரா ஒருவர் காதிலும் விழவில்லை. விசில் பறந்தது. யாரோ பட்டாசு கொளுத்திவிட்டார்கள். தன் தமிழ்தான் எடுபட்டுவிட்டது என்று நினைத்து, சார் மேடையிலிருந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இரண்டு படி ஏறி அவர் காதில் சொல்லியிருக்கலாம். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நானும் அந்தத் தெருக்காரிதானே. கேட்க நன்றாக இருந்தது.

மறுநாள் காலை தெருவில் சுண்ணாம்புக் கோடு விழுந்திருந்தது. வாளியில் கரைத்து, கயிறு பிடித்து, வீட்டுக்கு வீடு எல்லை போட்டிருந்தார்கள். எங்கள் வீடு மூலை வீடு, மூன்றடி அதிகம். அந்த மூன்றடியை அம்மாவே பக்கத்து வீட்டுக்கு விட்டுக் கொடுத்திருந்தாள். "எல்லாருக்கும் ஒரே அளவா இருந்தாதான் சண்டை வராது" என்று சொன்னாள். தண்ணீர்க் குடத்துக்கு முடியைப் பிடித்துக்கொள்ளும் தெரு அது. அன்று ஒரு சின்னச் சச்சரவுகூட இல்லை.

பத்து மணிக்கு சார் வந்தார். கோடுகளைப் பார்த்து, "இது ஏனு, என்ன இது?" என்றார்.

கயிறு பிடித்த ஆட்டோக்கார அண்ணன், "நீங்கதானே சார் சொன்னீங்க, மனை எங்க பேருக்குன்னு. நாங்களே அளந்துட்டோம், ஆபீசருக்கு வேலை மிச்சம்" என்றார்.

சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. 'இந்தப் பெண் வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டாள்' என்று ஒரு வாக்கியம் போதும். உண்மையும் அதுதான். அறுபது வீட்டு ஜனமும் நின்றிருந்தது, அம்மா முன்வரிசையில்.

"ஹௌது, ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார்.

காரில் அவர் என்னைத் திட்டவில்லை. அந்த நிலம் எந்த இலாகா பெயரில் இருக்கிறது, நாளைக்குள் பார்த்துச் சொல் என்று மட்டும் கன்னடத்தில் சொன்னார். அன்று ஆரம்பித்தது நான்கு தேர்தல்களைத் தாண்டி ஓடியது. முதலில் சந்தாபுரா திட்டத்திலிருந்து எங்கள் தெருவின் பெயரை நீக்க வைத்தார். இதற்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நடக்காமல் போன கெடுதலை யார் பார்த்தார்கள்? பிறகு ஹக்குபத்திரத்துக்கு அலைந்தார். இந்த இடம் இன்னாருக்கு உரிமை என்று சர்க்கார் எழுதித் தரும் தாள் அது. ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் சட்டசபையில் அவர் கேட்கும் கேள்வியை நான்தான் அடிப்பேன். ஒவ்வொரு முறையும் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வரும். எம்.எல்.ஏ. உட்கார வேண்டிய அவசியமே இல்லாத பெஞ்சுகளில் எல்லாம் அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நடுவில் ஒரு முறை கட்சி மாறினார். அதில் எனக்குக் கோபம்தான், நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய லெட்டர்பேடுகள் எங்கள் வீட்டில் மளிகை லிஸ்ட் எழுதப் பயன்பட்டன. ஒரு முறை மந்திரி ஆகிவிடுவார் என்றார்கள். புதுச் சட்டை தைத்து வைத்திருந்தார். கடைசி நேரத்தில் பெயர் விடுபட்டுவிட்டது. அன்று மத்தியானமே அந்தப் புதுச் சட்டையோடு வந்து உட்கார்ந்து, "தெரு விஷயம் எங்கே நிக்குது?" என்று கேட்டார். என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை. காபி வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

தெருவில் கதை வேறு. ஓட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் "மனை எங்க சார்?" என்பார்கள். அம்மாதான் அதில் தலைவி. சாப்பிடும்போது ஆரம்பித்துவிடுவாள். "இன்னாடி சொல்றாரு உங்க மனை சாரு? வாயாலேயே வடை சுட்றவரு ஆச்சே." நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். சொன்னால் தெருவே என்னைப் பிடித்துக்கொள்ளுமே என்று மறுபடி சோற்றைப் பிசைவேன்.

ஆறாவது தேர்தலில் தோற்றார். புதிய அபார்ட்மென்ட்கள், புதிய ஓட்டர்கள், எல்லாம் வழக்கமான காரணங்கள்தான். தேர்தல் அறிவிப்பதற்கு முந்தின வாரம்வரை இலாகாவுக்கு நடந்து, ஹக்குபத்திரத்துக்கான உத்தரவில் கையெழுத்து வாங்கியிருந்தார். அது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். காகிதம் அச்சாகி வருவதற்குள் நாற்காலி போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து எங்கள் தெருவிலேயே பந்தல் போட்டு, புது எம்.எல்.ஏ. ஹக்குபத்திரம் கொடுத்தார். அவரும் நல்ல மனிதர்தான், சின்ன வயசு. அம்மா பெயரைக் கூப்பிட்டதும் அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினாள். சாரை யாரும் அழைக்கவில்லை. அவர் பெயரையும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "அந்த மனை சாரு அஞ்சு தபா ஜெயிச்சி இன்னா கிழிச்சாரு? இந்தப் புள்ள எட்டே மாசத்துல குடுத்துட்டுது பாரு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. அம்மா மேல் இல்லை, என் மேல். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடு, விடு, மனை, சுண்ணாம்பு, சட்டசபைக் கேள்வி, பெஞ்சு, உத்தரவு. அம்மா அசையாமல் கேட்டாள்.

"இருவது வருசமா அந்த மனுசன நான் வாய்க்கு வந்தபடி பேசினு இருந்தேன். நீ எதிர்ல குந்திச் சோத்தத் தின்னுனு கம்முனு கேட்டுனு இருந்தியா?"

அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "ஆட்டோ கூப்புடு" என்றாள்.

சார் முன்னறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுவரோரம் காலி நாற்காலிகள். அம்மா உறையைப் பிரித்து ஹக்குபத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கிழக்கே யார் இடம், மேற்கே யார் இடம் என்று விரலை ஓட்டி ஒரு வரி விடாமல் படித்தார். கடைசியில் அம்மா பெயரைச் சத்தமாகப் படித்தார்.

"உங்கள ரொம்பப் பேசிட்டேன் சார். மன்னிச்சிடுங்க" என்றாள் அம்மா.

"ஓட்டுப் போட்டவங்க திட்டலாம்மா. நீங்க திட்டாம இருந்தா நானும் மறந்துட்டிருப்பேன்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கே என்னைக் காட்டியிருக்கலாமே சார். தப்பு என்னுது. ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நான் கார்ல ஏறிப் போயிடுவேன் தாயி. நீ அந்தத் தெருவுலதானே இருக்கணும்."

நாற்பத்தைந்து வயதில், அம்மா பக்கத்தில் நிற்க, அவர் முன்னால் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.