மதிலடியில் தலை காயவிட்டவள்

பேய், பிசாசு, சகுனம் ஒன்றும் எனக்கில்லை. மேசன் வேலை செய்கிறவன். கல்லையும் சீமெந்தையும் தவிர எதையும் நம்பினதில்லை. நீங்களும் இதை நம்பவேண்டாம், கேட்டால் போதும்.

வெள்ளவத்தையில் கால்வாய்க்கரையில் எங்கள் வீடு. பின்மதில் நான் கட்டினது. ஒரு புதன்கிழமை, வெள்ளத்தைப் பற்றி ஆராய்கிற இஞ்சினியர் பிள்ளை ஒருத்தி எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வீட்டுக்காரரை ஹெவ்லொக் டவுனில் தான் வேலை செய்கிற கந்தோருக்குக் கூப்பிட்டாள். கண்ணை முழுக்க மூடுகிற பெரிய கண்ணாடி ஒன்றை என் தலையில் மாட்டி, கையில் ஒரு பிடியும் தந்தாள்.

"இது கம்ப்யூட்டர் கணக்குப் போட்ட மழை, அண்ணை. வீடெல்லாம் சாம்பல் பெட்டியாத்தான் தெரியும். பிடியால தொட்டா, தண்ணி எங்க தள்ளுதெண்டு சிவப்பாக் காட்டும்."

கண்ணாடிக்குள் தெரிந்தது எங்கள் ஒழுங்கையேதான். தண்ணீர் ஏறிவர நான் சாரத்தைத் தூக்கிப் பிடித்தேன், எல்லாரும் சிரித்தார்கள். பின்மதிலைத் தொட்டேன். அடி சிவந்தது. அந்த இடத்தில் என் மனிசி இருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு, சீயக்காய் வைத்து முழுகின தலையை விரித்துக் காயவிட்டபடி, வெள்ளிக்கிழமைகளில் இருக்கிற மாதிரியே. "இஞ்சரப்பா" என்றேன். கூப்பிட்டும் திரும்பவில்லை.

கண்ணாடியைக் கழற்றி, "உதுக்குள்ள ஒரு பொம்பிளை இருக்கிறா" என்றேன்.

"ஆக்களை நாங்கள் போடேல்லையே, அண்ணை."

அவளும் மாட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லையாம்.

வியாழன் முழுக்க மழை. வெள்ளி காலையில் வெயில் எறித்தது. மனிசி முழுகிவிட்டுப் பின்பக்கம் வெளிக்கிட்டாள். மறித்தேன்.

"நீங்கள் கட்டின மதிலை நீங்களே நம்பேல்லையோ?"

"இல்லை. முன்னுக்கு இரும்."

முகத்தை நீட்டிக்கொண்டு முன்வாசலில் போய் இருந்தாள். பத்துமணி போல மதில் முழுசாய் உள்ளே சரிந்தது. அவள் வழக்கமாய் இருக்கிற கல் கண்ணுக்கே தெரியவில்லை. வந்து பார்த்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அப்படியொரு தேத்தண்ணியை நான் குடித்ததில்லை.

இஞ்சினியர் பிள்ளைக்கு மதில் விழுந்ததை மட்டும் சொன்னேன். மனிசியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. போன வெள்ளி அந்தப் பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, அந்தக் கண்ணாடிப் பட்டியில சீயக்காய் மணக்குது. துடைச்சும் போகுதில்லை. வெள்ளிக்கிழமையில மட்டும்தான்."

எனக்குத் தெரியாது என்று போனை வைத்தேன். முன்வாசலில் மனிசி தலை காயவிட்டுக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"இஞ்சரப்பா" என்றேன்.

திரும்பினாள்.