நான்காவது குழாய்

சுரங்கத்தில் டேப்காரர் என்றால் கேட்டில் காவல் நிற்பவர் முதல் கேன்டீன் மேசை துடைப்பவர் வரை எல்லோருக்கும் தெரியும். இருபத்துமூன்று வருட சர்வீஸ். அதில் முதல் ஒன்பது வருடம் உள்ளே இறங்கிப் பாறை அள்ளினார். ஒரு நாள் டிராலியின் கொக்கி நழுவி, இடது கையில் மூன்று விரலை வாங்கிக்கொண்டு போனது. கம்பெனி பெரிய மனசு பண்ணி அவரை வீட்டுக்கு அனுப்பாமல் 'லேசான வேலை' ஒன்றைக் கொடுத்தது. சேற்றுக்குளத்தின் கரையில் ஏறி, ஆறு குழாய்களுக்குள் டேப்பை இறக்கி, தண்ணீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று எழுத வேண்டும். பதினான்கு வருடமாக அதைத்தான் செய்துவருகிறார்.

குளம் என்றதும் தாமரையைத் தேடாதீர்கள். கல்லை மாவாக அரைத்து, உலோகத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுகிற சாம்பல் நிறச் சேற்றை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்? இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்கரை போட்டு அதற்குள் விடுகிறார்கள். கரைக்குள் தண்ணீர் ஊறி ஏறினால் மண் இளகும். இளகினால் கரை நிற்காது. அந்தத் தண்ணீரைக் கண்காணிக்கத்தான் குழாய்கள். டேப்பின் நுனியில் ஒரு குண்டு இருக்கும். தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். கத்தின இடத்தில் டேப்பில் உள்ள எண்ணைப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

கரைக்கு நேர் கீழே தொழிலாளர் குடியிருப்பு, அறுபத்திரண்டு வீடு. ஏழாவது வீடு அவருடைய அக்கா வீடு. வீட்டுக்கு மேலே குளத்தைக் கட்டினார்களா, குளத்துக்குக் கீழே வீட்டைக் கட்டினார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டவர் ரிடையர் ஆகி வேறெங்கோ நிம்மதியாக இருக்கிறார்.

திங்கட்கிழமைதோறும் டேப்காரர் தன் ஆறு எண்களையும் ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டு, குடியிருப்பு வாசலில் இருக்கும் கரும்பலகையிலும் சாக்பீஸால் எழுதுவார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். ஊரில் எவனெவனோ மாலையும் மரியாதையுமாகத் திரிகிறான். டேப்காரருக்குக் கிடைத்த மரியாதை அந்த ஒரு பார்வைதான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் புதிதாக ஒரு தலைவலி வந்தது. உலோகத்தை வாங்குகிறவர்கள், 'இது பொறுப்பான சுரங்கம்' என்று வெளியாள் வந்து பார்த்துச் சான்று கொடுத்தால்தான் இனி வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆடிட்டுக்கு முன்னால் சுரங்கம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு கருவி. கருவி என்றால் ஸ்பேனர், சுத்தியல் இல்லை; கம்ப்யூட்டரில் நானூற்றுச் சொச்சம் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக', 'பெரும்பாலும்', 'ஓரளவு', 'இல்லை' என்று நாலு பதிலில் ஒன்றைத் தட்ட வேண்டும். தட்டினால் போதாது, சான்றும் இணைக்க வேண்டும். ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்த கருவி அது. மேனேஜரோ அதைப் பரீட்சைத் தாளாகவே பார்த்தார். தொண்ணூறு மார்க்குக்குக் கீழே போகக்கூடாது என்று எல்லோரையும் விரட்டினார்.

கேள்விகளை நடத்த ஹெட் ஆபீஸிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். இரண்டே நாளில் அவருக்குக் கேள்வி மேடம் என்று பேர் விழுந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை டேப்காரரின் முறை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ரிஜிஸ்டர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பதினாறு கேள்வி வரைக்கும் மனிதர் தூள் கிளப்பினார். வாரம் தவறாமல் அளக்கிறீர்களா? முழுமையாக. பதிவு இருக்கிறதா? முழுமையாக. மக்களுக்குத் தெரிவிக்கிறீர்களா? கரும்பலகையின் போட்டோவையே எடுத்து நீட்டினார்.

"உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா என் வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்ண்ணே" என்று சிரித்துவிட்டு, கேள்வி மேடம் பதினேழாவதைப் படித்தார். "ஒவ்வொரு குழாயின் அடியாழமும், பதித்த நாளில் இருந்த ஆழத்தோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்பிடப்படுகிறதா?"

"அப்படின்னா?"

"குழாய் இறக்கும்போது ஒரு ஆழம் இருந்திருக்கும்ல. இன்னைக்கும் அவ்வளவு ஆழம் இருக்கா, இல்ல உள்ள சேறு ஏறி அடைச்சிருக்கான்னு பாக்கறீங்களான்னு கேக்குது."

டேப்காரர் ரிஜிஸ்டரைப் புரட்டினார். அதில் தேதிக்கு ஒரு கட்டம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கட்டம். அடியாழத்துக்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை அவர் எழுதியதில்லை. எழுதாததை நினைத்ததும் இல்லை. அவர் கண் நான்காவது குழாயின் பத்தியில் போய் நின்றது. உலர். உலர். உலர். பதினான்கு மாதம், அறுபது வாரம், அவருடைய முத்து முத்தான எழுத்தில் அதே வார்த்தை.

நான்காவது குழாய் பதித்தபோது பதினெட்டு மீட்டர். இந்தப் பதினான்கு மாதமாக டேப்பின் குண்டு ஒன்பது மீட்டரிலேயே எதன் மேலோ உட்கார்ந்து, டேப் கையில் தொய்ந்துவிடும். கீச் சத்தம் கேட்காது. தண்ணீர் இல்லை, உலர் என்று எழுதிவிட்டு ஐந்தாவதுக்குப் போவார். டேப் தொய்வதைக் கை அறுபது தடவை சொல்லியிருக்கிறது. இவர்தான் காதில் வாங்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஆறு மாதமாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்ஜினியரிடம் காட்டினார். "நடுவுல நாலு உலர்ந்துதானே இருக்கு? அப்ப இது மழைத்தண்ணி. விடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். அறுபத்திரண்டு வீடும் தூங்கியது அந்த நாலை நம்பித்தான்.

"மத்தியானம் சொல்றேன் மேடம்" என்று எழுந்தார். கரைக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரை ஒவ்வொன்றாகச் சுமந்தார். ஊனக் கையில் பிடி நிற்காமல் பாதி சட்டையில் கொட்டியது. மறுபடி போய் எடுத்துவந்தார். குழாயின் அடியில் சல்லடை மாதிரித் துளைகள் இருக்கும். ஊற்றின தண்ணீர் அது வழியாக மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். முதலில் இரண்டாவது குழாயில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் குடித்துவிட்டது. பிறகு நான்காவதில் ஊற்றினார். விளிம்பு வரை நிறைந்தது. பக்கத்திலேயே குத்த வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கு, ஒரு விரற்கடையாவது இறங்கு என்று வாய்விட்டுக் கெஞ்சினார். ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீர் விளிம்பிலேயே நின்றது. குழாய் செத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாராவாரம் அதன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சுகமாக இருக்கிறது என்று இவர் எழுதியிருக்கிறார். கரைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மேனேஜர் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே நாலு பேர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"ஆடிட்டுக்கு இன்னும் பத்து நாள். இப்பப் போய் 'இல்லை'ன்னு போட்டா நாளைக்கே சுரங்கத்தை நிறுத்தணும். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். ஆனா அந்தக் கருவி கேக்குறதே அதைத்தானே..."

"சுயமதிப்பீடுன்னா நம்மளை நாமே பாத்துக்கறது. நம்மளை நாமே காட்டிக்கொடுக்கறது இல்ல. 'பெரும்பாலும்'னு போடுங்க. ஆறு குழாய்ல அஞ்சு நல்லாருக்குல்ல? அதுக்குப் பேர் பெரும்பாலும்தான். ஆடிட் முடிஞ்ச மறுநாள் டிரில் வண்டி வரும், புதுக் குழாய் இறக்கிடலாம்."

"அதுவரைக்கும் கீழ இருக்கறவங்க சார்?"

"பதினாலு மாசம் இருந்தவங்க பத்து நாள் இருக்க மாட்டாங்களா?" மேனேஜர் ரிஜிஸ்டரைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "நல்லா பாருங்க. அறுபது கையெழுத்து. ஒண்ணாவது என்னோடதா?"

டேப்காரர் ரிஜிஸ்டரை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அதோடு போகுமா? நாளைக்கு ஏதாவது ஆனால் விரல் நீட்ட ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார். பயந்துவிட்டார். பயந்தார் என்பதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? கேள்வி மேடத்திடம் வந்து, "பெரும்பாலும்னு போட்டுக்கங்க" என்று மென்று விழுங்கினார்.

மேடம் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். "சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிடுவேன்ண்ணே. அதுக்கப்புறம் மாத்த முடியாது. ஏதாவது இருந்தா அதுக்குள்ள சொல்லுங்க."

வெளியே வந்ததும் அவருக்குத் தோன்றிய ஒரே யோசனை, அக்காவை மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவது. ஊர் எப்படியோ போகட்டும், அவள் பிழைத்தால் போதும். அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. தலை துவட்டிவிட்டது முதல் அத்தானிடம் சொல்லி இந்த வேலை வாங்கித் தந்தது வரை அவள்தான். அத்தானுக்கு இடுப்பு போய் இரண்டு வருடம் ஆகிறது. கக்கூஸுக்குப் போகவே ஆள் பிடிக்க வேண்டும். கரை உடைந்தால் அந்த வீட்டிலிருந்து யாரும் ஓட முடியாது.

அக்கா வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தானைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துருங்க. ஒரு பத்து நாள்."

"எதுக்குடா?"

"சும்மாதான்."

"சும்மாவா? இந்த மனுஷனைத் தூக்கிக்கிட்டு அந்த மேட்டுல ஏறணும், சும்மாவா? உனக்கு உடம்புக்கு ஏதும் முடியலையா? சட்டையெல்லாம் ஏன் ஈரம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. கரைதான்... மழை வருதில்ல, எதுக்கும் ஒரு..."

அக்கா சிரித்துவிட்டாள். "கரைக்கு என்னடா? நேத்துதானே எழுதிட்டுப் போன, நாலு உலர்னு. அதைப் பாத்துட்டுத்தானே நான் குடத்தையே தூக்குறேன்." மடித்த துணியைத் தட்டி வைத்தாள். "மூணாவது வீட்டுக்காரி இப்படித்தான் பயந்து செத்தா. சுவத்துல ஈரம் ஏறுதாம், ரெண்டு குழந்தையையும் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறேன்னு பையைக் கட்டிட்டா. நான்தான் போர்டைக் காட்டி நிறுத்தி வெச்சேன். என் தம்பி அளக்குறான்டி, அவன் எழுதினா எழுதினதுதான், பேசாம இருன்னேன்."

அக்காவை அங்கே உட்கார வைத்திருப்பது கம்பெனி இல்லை, மேனேஜர் இல்லை, டேப்காரருடைய எழுத்து. மூன்றாவது வீட்டுக் குழந்தைகளையும் அதுதான் நிறுத்தி வைத்திருக்கிறது. கெஞ்சினால் அவள் வரமாட்டாள். இழுத்துக்கொண்டு போனாலும், மேலே நின்று மற்ற அறுபத்தோரு வீட்டை எந்தக் கண்ணால் பார்ப்பது? நான் எழுதினது பொய் என்று சொன்னால்தான் அவள் எழுந்திருப்பாள். அதை அவளிடம் மட்டும் சொல்ல வழியில்லை.

"உள்ள வந்து தலையைத் துவட்டு" என்றாள் அக்கா.

அவர் உள்ளே போகவில்லை. வாசல் கரும்பலகைக்கு நடந்தார். பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். நான்குக்கு நேரே இருந்த 'உலர்' என்பதை ஈரச் சட்டையின் கையாலேயே துடைத்தார். அவசரத்தில் எழுத்து கோணல் மாணலாக வந்தது. 'தெரியாது' என்று எழுதினார். கொஞ்சம் நின்று யோசித்துவிட்டு, அதன் கீழே, 'குழாய் அடைத்திருக்கிறது. கரைக்குள் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது. எல்லோரும் மேலே போய்விடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

தண்ணீர் பிடிக்கக் குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒருத்தி குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். இரைச்சல் கேட்டு அக்கா வந்தாள். பலகையை ஒரு தடவை படித்தாள். நம்பாதவள் மாதிரி மறுபடி படித்தாள்.

"எத்தனை நாளாடா தெரியாது?"

"பதினாலு மாசமா."

"தெரியாமயா எழுதின?"

"தெரியாமத்தான்க்கா எழுதினேன். காலையிலதான் தெரிஞ்சுது."

"காலையிலயா?" அக்கா நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். அது மேற்கே நன்றாகவே சாய்ந்திருந்தது.

பிறகு அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அத்தான் படுத்திருந்த தன் வீட்டையும் தாண்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகியபடி மூன்றாவது வீட்டை நோக்கி ஓடினாள். ஐம்பத்தேழு வயசில் அவள் ஓடி அவர் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. டேப்காரர் போனை எடுத்துக் கரும்பலகையைப் போட்டோ பிடித்தார். கேள்வி மேடத்துக்கு அனுப்பி, கீழே தட்டினார்: 'பதினேழாவது கேள்வி, இல்லை. சான்று இணைத்திருக்கிறேன்.' பிறகு அத்தானைத் தூக்க ஏழாவது வீட்டுக்கு ஓடினார். அந்தப் போட்டோவின் ஓரத்தில், மூன்றாவது வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருக்கும் அக்காவின் முதுகும் விழுந்திருந்தது.