இரண்டு முடிச்சு எறும்பு

எறும்பின் இடுப்பில் எத்தனை முடிச்சு என்று பதினோரு வயதிலேயே எனக்குத் தெரியும். அந்த வயதில் திருவொற்றியூரில் வேறு யாருக்குத் தெரிந்திருக்கும், சொல்லுங்கள்! கர்வம்தான், இருக்கட்டும்.

எல்லாம் அத்தையின் செல்போன் ரிப்பேர் கடையால் வந்தது. போனுக்குள் இருக்கும் போர்டைப் பார்க்க அவள் வைத்திருந்த மைக்ரோஸ்கோப்பில், கடை ஓய்ந்த நேரமெல்லாம் நான் எறும்பு பார்த்தேன். மோனோமோரியம் என்ற பேரினத்தைப் பள்ளி நூலகப் புத்தகம் ஒன்று சொல்லிக்கொடுத்தது. கடுகளவே இருக்கும் எறும்புகள். வயிற்றுக்கு முன்னால் இடுப்பில் இரண்டு முடிச்சு. உணர்கொம்பில் பன்னிரண்டு கணு. கடைசி மூன்று மட்டும் குட்டிக் கதாயுதம்போலத் தடித்திருக்கும்.

அத்தைக்கு அது சோதனைக்காலம். "பொம்பள ரிப்பேரா?" என்று வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். இன்னொரு புகார் வந்தால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான் என்று அவளுடைய சொந்த அண்ணன், அதாவது என் அப்பாவே, கறாராகச் சொல்லியிருந்தார்.

புகார் ஷேர் ஆட்டோவில் வந்தது. முந்தின நாள் டிஸ்ப்ளே மாற்றிக்கொண்டு போன டிரைவர், உயிரில்லாத போனை மேஜைமேல் அடித்து வைத்தார். அத்தை திறந்தாள். உள்ளே செத்த எறும்புகள்.

"இன்னாமா, கடையில எறும்பு வளக்கிறியா? பொம்பள கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்தது. எங்கள் மேஜையிலும் டீ கிளாஸைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்ததுதான் கொடுமை. வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு மட்டும் அல்ல. அத்தை அவசரமாக கிளாஸை ஓரமாக நகர்த்தினாள். நான் சும்மா இருப்பேனா?

"எங்க எறும்பு வேற, இது வேற அங்கிள்!"

"எறும்புல இன்னா பாப்பா, உன் எறும்பு, என் எறும்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் போர்டு துடைக்கும் பிரஷ்ஷை ஈரமாக்கி, கிளாஸிலிருந்து ஒன்றை எடுத்தேன். ஆட்டோவுக்கு ஓடினேன். போன் மாட்டும் ஸ்டாண்டுக்குக் கீழே பிஸ்கட் தூள். அதில் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதிலும் ஒன்று. போனுக்குள் செத்ததில் ஒன்று. மூன்றையும் டேப்பில் ஒட்டி லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

"இடுப்பு முடிச்ச எண்ணுங்க அங்கிள்."

குனிந்தார். செத்ததற்கு, "ஒண்ணு... ரெண்டு." ஆட்டோ எறும்புக்கும் ரெண்டு. எங்கள் எறும்புக்கு ஒரே முடிச்சு, அதுவும் வயிற்றடியில் ஒளிந்திருக்கும். கொம்பு நுனியில் தடிப்பும் கிடையாது. வகையறாவே வேறு.

"அட, இதுக்கு ஒண்ணுதான் கீது!" என்றார், என்னவோ அவரே கண்டுபிடித்ததுபோல. பிறகு போனை அத்தை பக்கம் தள்ளினார். "சரிம்மா, நீயே ரெடி பண்ணி வை. சாயங்காலம் வர்றேன்." மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் டீக்கடையில் போய், "அந்தம்மா கரெக்டாத்தான் செஞ்சிக்கீது, என் வண்டியிலதான் எறும்பு" என்று உரக்கச் சொன்னார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "நானும் எண்றேன், இரு" என்று அத்தை மைக்ரோஸ்கோப்பில் முகத்தைப் புதைத்தாள். புதைத்தவள் எடுக்கவேயில்லை.

"கொம்புல எத்தனை கணு அத்தை?"

"எண்ணிக்கினு கீறேன்டி, சும்மா இரு."

பன்னிரண்டை எண்ண இவ்வளவு நேரமா, அத்தை கணக்கில் சுத்த மக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாக என் முறை வந்தபோது, கண் வைக்கும் இடம் ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த எறும்பை வைத்தேன்.